கடல் அற்புதங்களும் உருமாறும் பெயர்களும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே காடாம்புலியூர் என்னும் ஊர் இருக்கிறது. செம்மண் பூமி; கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர். கடலூர்க் கரையையோ பரங்கிப்பேட்டையையோ காண வேண்டுமாயின் பேருந்தேறிச் செல்ல வேண்டும். அவ்வூரில் நமக்கு அறிமுகமான ஒரு வீட்டிற்கு அண்மையில் சென்றிருந்தோம். பள்ளி விடுமுறைக்காக வந்திருந்த பேரன், கைப்பேசித் திரையில் ஓர் அசைவூட்டப்படத்தில் மூழ்கியிருந்தான். திரை முழுவதும் கடல். மீன் பெண்ணாகிறது, பெண் நுரையாகிறாள், மந்திரவாதி பாம்பாகிறான். அவனுடைய நன்னா அருகிலிருந்து நாளிதழை விரித்து, வழக்கம்போல் முதலில் சிந்துபாத் படக்கதையைப் படித்துக்கொண்டிருந்தார்.

சிறுவன் நாளிதழை எட்டிப் பார்த்து, "நன்னா, இந்த மந்திரவாதிக்கு ஏன் என் பேரு?" என்று கேட்டான். அவன் பெயர் மூசா. நன்னாவிடம் விடை இல்லை. நம்மிடமும் உடனடியாக விடை இல்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இன்றைய குழந்தைகளின் அசைவூட்டப்படங்களில் கடலும் உருமாற்றமும் இணைந்தே வருகின்றன. அவை எங்கிருந்து வந்தன? அவற்றில் முஸ்லிம் மாலுமிகளின் பங்கு யாது? வரும் வழியில் எவை கைவிடப்பட்டன, எவை திரிந்தன? இவற்றை வரலாற்று நோக்கில் காண்பதே நம் எண்ணம். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டக் கருத்து வேறுபாடுகளுக்குள் இக்கட்டுரை புகவில்லை. படங்கள் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன என்பதைக் கண்முன் உள்ள நிலையாகக் கொண்டே எழுதுகிறோம்.

தமிழ்க் கரையில் கடல் தெய்வம்

கடலையும் உருமாற்றத்தையும் இணைத்துப் பேசும் மரபு தமிழுக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை மணலில் நட்டுக் கடல் தெய்வத்தை வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மணிமேகலைக் காப்பியத்திலோ கடல் தெய்வமே கதையை நடத்துகிறது. மணிமேகலா தெய்வம் காப்பியத் தலைவியைப் புகார் நகரிலிருந்து எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. பின்னர் அவளுக்கு மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது: ஒன்று வேற்றுருக் கொள்வது, ஒன்று வான்வழி செல்வது, ஒன்று பசியைப் போக்குவது.

இந்த மந்திரத்தால் மணிமேகலை காயசண்டிகை என்னும் விஞ்சைப் பெண்ணின் உருவை ஏற்கிறாள். அதன் விளைவு என்ன? காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணுகிறான். அவள் பின்னே வந்த இளவரசன் உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பழி மணிமேகலைமீது விழுகிறது. அவள் சிறை செல்கிறாள். தீய நோக்கம் ஏதுமின்றி, தன்னைக் காத்துக்கொள்ளவே வேற்றுரு எடுத்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்பது காப்பியத்தின் நோக்கு. உ.வே. சாமிநாதையர் 1898இல் இந்நூலைப் பதிப்பித்த பிறகே கற்றோர் பலர் இக்கதையை மீண்டும் அறிந்தனர்.

மணிமேகலா தமிழகத்தோடு நின்றவள் அல்லள். பாலி மொழியிலுள்ள மகாஜனக ஜாதகத்தில், கப்பல் உடைந்து கடலில் நீந்தும் இளவரசனைக் காப்பவள் அவளே. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் ஒளிரும் மணியைக் கையிலேந்தி மின்னலை உண்டாக்கும் தெய்வமாக நாட்டியங்களில் அவள் இன்றும் ஆடப்படுகிறாள். தாய்லாந்து மன்னர் பூமிபோல் அதுல்யதேஜ் மகாஜனகன் கதையைத் தாமே எழுதி 1996இல் வெளியிட்டார். வணிகக் கப்பல்கள் சென்ற இடமெல்லாம் கடற்கதைகளும் சென்றன என்பதற்கு இது ஒரு சான்று. அதே கடல்வழிகளில் பின்னர் அரபு, பாரசீக மாலுமிகளின் கதைகளும் உலவின.

மாலுமிகள் கண்ட அஜாயிபு

அரபு இலக்கியத்தில் 'அஜாயிபு' என்னும் ஒரு துறை உண்டு. அற்புதங்கள், வியப்புகள் என அதற்குப் பொருள். பத்தாம் நூற்றாண்டில் ராம்ஹுர்முஸைச் சேர்ந்த கப்பல் தலைவர் புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் பெயரால் வழங்கும் 'அஜாயிபுல் ஹிந்த்' என்னும் நூல், இந்தியப் பெருங்கடலில் ஓடிய மாலுமிகள் சொன்ன செய்திகளின் தொகுப்பு. தீவென்று எண்ணி இறங்கிய நிலம் உண்மையில் மாபெரும் ஆமையாக இருந்த கதை அதில் உண்டு. வாக்வாக் தீவுகளில் மனித உருவம் போன்ற கனி காய்க்கும் மரம் பற்றிய செய்தியும் உண்டு.

இவற்றை நம் முன்னோர் அப்படியே நம்பினார்களா? இல்லை. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) காலமான பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில், தீவு போன்ற கடலுயிரின்மேல் இறங்கித் தீ மூட்டியதாக மாலுமிகள் கூறுவதை எடுத்துக்காட்டி ஐயுறுகிறார். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் நூற்பட்டியலை வகுத்த இப்னு நதீம், ஆயிரத்தோரு இரவுகளுக்கு மூலமான பாரசீகக் கதைத் தொகுப்பைச் சுவையற்ற நூலென்றே மதிப்பிட்டார். கதையைக் கேட்பதும் அதை எடைபோடுவதும் ஒரே சமூகத்தில் அருகருகே நடந்தன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜக்கரிய்யா அல்கஸ்வீனி (1203–1283) இத்துறைக்கு ஒரு நெறியையே வகுத்தார். படைப்பின் அற்புதங்களைப் பற்றிய அவரது நூலில் கடல்களும் தீவுகளும் அவற்றின் உயிர்களும் விரிவாக இடம்பெறுகின்றன. ஆனால் வியப்பு என்றால் என்ன என்பதை விளக்க அவர் கடற்பூதங்களைத் தேடிச் செல்லவில்லை. தேனீயின் கூட்டைக் காட்டுகிறார். அறுகோண அறைகளை அளவுகோலின்றி ஒரு சிற்றுயிர் எப்படி அமைக்கிறது? காரணம் அறியாமல் மனம் திகைத்து நிற்கும் நிலையே வியப்பு. பழக்கத்தால் அத்திகைப்பு நம்மிடமிருந்து மறைந்துவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

காடாம்புலியூர்க் குழந்தைகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். அவர்களுக்கு அருகே நெய்வேலிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சதுப்புகளில் செழித்த தாவரங்களின் மாற்றுருவம். காடு கரியாகி, கரி மின்சாரமாகி, அம்மின்சாரமே திரையில் மந்திரவாதியாக ஒளிர்கிறது. அல்கஸ்வீனி இன்று இருந்தால் திரையை விட்டுவிட்டுச் சுரங்கத்தைக் காணவே முதலில் சென்றிருப்பார் எனத் தோன்றுகிறது.

அலிஃப் லைலாவில் உருமாற்றத்தின் விலை

ஆயிரத்தோரு இரவுகளில் நீரும் உருமாற்றமும் இணையும் கதைகள் பல. மீனவனும் ஜின்னும் பற்றிய கதையில் நான்கு நிற மீன்கள் வலையில் சிக்குகின்றன. அவை உண்மையில் சூனியத்தால் மீன்களாக்கப்பட்ட ஒரு நகரத்து மக்கள்: வெள்ளை மீன்கள் முஸ்லிம்கள், சிவப்பு மஜூஸிகள், நீலம் கிறித்தவர்கள், மஞ்சள் யூதர்கள். ஒரே நகரில் நான்கு சமயத்தாரும் வாழ்ந்தனர். ஒரே கொடுமைக்கு உள்ளாயினர். சூனியம் நீங்கியதும் நால்வரும் ஒருசேர மனித உரு மீண்டனர்.

கடல்நாட்டுப் பெண் ஜுல்னாரின் மகன் பத்ர் பாஸிம் பறவையாக்கப்படுகிறான். இரண்டாம் துறவியின் கதையில், இளவரசி ஒருத்தி கொடிய இஃப்ரீத்தோடு உருவத்திற்கு உரு மாறிப் போரிடுகிறாள். அவன் மீனாகித் தடாகத்தில் பாய, அவளும் மீனாகித் துரத்துகிறாள். இறுதியில் வெல்கிறாள், ஆயினும் அப்போரில் மூண்ட தீயால் தானும் சாம்பலாகிறாள். பிறரைக் காக்க உருமாறியவளும் விலை கொடுத்தே தீர்கிறாள். மணிமேகலையின் நோக்கும் இதுவேயன்றோ?

சிந்துபாதின் ஏழாம் பயணத்தில், சில பதிப்புகளில் காணப்படும் ஒரு நிகழ்ச்சி நம் கவனத்திற்குரியது. அவன் சென்று தங்கிய நகரத்து ஆடவர்களுக்கு மாதந்தோறும் சிறகு முளைக்கிறது. ஒருவனுடைய முதுகிலேறிச் சிந்துபாதும் விண்ணில் செல்கிறான். அங்கே வானவரின் துதி கேட்டு வியந்து, அவனும் இறைவனைத் துதிக்கிறான். அவ்வளவில் நெருப்பு எழுந்து அக்கூட்டத்தைத் தாக்குகிறது. சிறகுடையோர் ஷைத்தானின் கூட்டத்தார் எனப் பின்னரே அவன் அறிகிறான். நாம் அறிந்த திரைச் சிந்துபாத் வாளால் வெல்பவன். மூலக்கதையின் சிந்துபாத் பலமுறை துதியாலும் அறிவாலும் தப்புபவன்.

மற்றொன்று, நிலத்து அப்துல்லாவும் கடல் அப்துல்லாவும் பற்றிய கதை. ஏழை மீனவனுக்குக் கடல்வாழ் மனிதன் நண்பனாகிறான். ஒரு பெருமீனின் கொழுப்பைப் பூசிக்கொண்டு மீனவன் கடலடி உலகைக் காண்கிறான். அங்கே ஓர் இறப்பைக் கடல் மக்கள் விருந்து வைத்து மகிழ்வோடு ஏற்கின்றனர். நிலத்தார் இறப்புக்கு அழுவர் எனக் கேட்டதும், இறைவன் ஒப்படைத்த அமானிதத்தைத் திருப்பித் தர வருந்துவோருடன் தனக்கு நட்பில்லை எனக் கடல் அப்துல்லா பிரிந்துவிடுகிறான். ஒரு சிறுவர் கதைக்குள் இவ்வளவு கனமான கருத்தை வைத்தவர்கள் நம் கதைசொல்லிகள்.

கடலிலிருந்து வெண்திரைக்கு

பிரெஞ்சு அறிஞர் அந்துவான் காலான் 1704 முதல் 1717 வரை ஆயிரத்தோரு இரவுகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சிந்துபாத் கதை தனியே வழங்கியது. அதை இத்தொகுப்பில் சேர்த்தவர் அவரே. அலாவுதீன் கதையை 1709இல் அவருக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் கிறித்தவர். இவ்வாறு ஐரோப்பா சென்ற கதைகளிலிருந்தே அசைவூட்டப்படத்தின் தொடக்கக்கால வரலாறும் கிளைக்கிறது.

ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1923 முதல் 1926 வரை உழைத்து, 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்' என்னும் முழுநீளப் படத்தை உருவாக்கினார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப்படங்களில் இதுவே பழமையானது. கறுப்புத் தாளில் உருவங்களை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, ஒளியூட்டிய கண்ணாடிமேல் வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார். நம் தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

அப்படத்தில் அஹ்மது வாக்வாக் தீவை அடைகிறான். அங்கே இறகாடை அணிந்து பறவையாகப் பறந்து வரும் பரீ பானு, அதைக் களைந்ததும் பெண்ணாகிறாள். இது அலிஃப் லைலாவின் பஸ்ரா ஹஸன் கதையிலிருந்து வந்தது. அந்த வாக்வாக் தீவோ, நாம் மேலே கண்ட மாலுமிகளின் பேச்சிலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டுக் கப்பல் தளத்தில் தோன்றிய வியப்பு 1926இல் பெர்லின் நகரத் திரையில் உருமாற்றமாக வெளிப்பட்டது. சூனியக்காரனும் மந்திரக்கிழவியும் விலங்குருவங்களுக்கு மாறி மாறிப் போரிடும் அப்படத்தின் காட்சியிலும் இரண்டாம் துறவியின் கதையிலுள்ள போரின் சாயலைக் காணலாம்.

கடற்கதை இக்கலைக்கு இவ்வளவு பொருந்தக் காரணம் உண்டு. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஒவ்வொரு சட்டகத்திலும் கோட்டைச் சிறிது மாற்றினால் போதும். எதுவும் எதுவாகவும் ஆகலாம். நீருக்கும் நிலையான வடிவம் இல்லை. டிஸ்னி நிறுவனம் 1938இல் வெளியிட்ட கடற்குழந்தைகள் பற்றிய குறும்படத்தில் வரி மீன் புலியாவதையும் எண்காலி யானையாவதையும் சுட்டிக்காட்டி, எந்த வடிவத்தையும் ஏற்கும் இந்த நெகிழ்ச்சியே அசைவூட்டத்தின் கவர்ச்சி என ரஷ்யத் திரைமேதை ஐசன்ஸ்டைன் எழுதினார். ஜப்பானின் ஹயாவோ மியாசாகி 2008இல் வெளியிட்ட 'போன்யோ' படத்தில், மீன்குஞ்சு ஒன்று சிறுமியாகும் கதைக்காகச் சுமார் 1,70,000 ஓவியங்கள் வரையப்பட்டன.

ஆனால் வழியில் ஒன்று நழுவியது. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னி கதையில், அவள் கால்களைப் பெறக் குரலை இழக்கிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. காதல் கைகூடாமல் நுரையாகிறாள். 1989இல் டிஸ்னி அதைப் படமாக்கியபோது முடிவு திருமணமாயிற்று; வலி போயிற்று. மணிமேகலையும் அலிஃப் லைலாவும் ஆண்டர்சனும் ஒருசேர வலியுறுத்திய விலை, கடைச்சரக்கான படங்களில் காணாமற் போனது. எல்லாப் படங்களையும் அவ்வாறு சொல்வதற்கில்லை. அயர்லாந்தின் கடல்நாய்ப் பெண் கதையைத் தழுவி 2014இல் வந்த 'கடலின் பாடல்', பிரிவின் துயரை மறைக்காமல் குழந்தைகளுக்குக் காட்டுகிறது.

பெயர்களுக்கு நேர்ந்தது

விலை நழுவியதைவிட நம்மை நேரடியாகத் தொடும் மாற்றம் ஒன்று உண்டு. அதுவே சிறுவனின் கேள்வி.

டிஸ்னியின் 1992ஆம் ஆண்டு அலாவுதீன் படத்தில் பெரும்பாம்பாக உருமாறும் சூனியக்காரனின் பெயர் ஜாஃபர். அலிஃப் லைலாவில் ஜாஃபர் யார்? கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர், இரவில் மாறுவேடத்தில் நகர்வலம் வருகையில் உடன் செல்பவர், சூனியம் அறியாதவர். நபிகளாரின் குடும்பத்தில் ஜாஃபர் தய்யார் (ரலி), இமாம் ஜாஃபர் ஸாதிக் (ரஹ்) எனப் போற்றப்படும் பெயரும் அதுவே. அப்படத்தின் தொடக்கப் பாடலில் அரபு மண்ணை இழித்த ஓர் அடியைப் பற்றி அமெரிக்க அரபியர் அமைப்பினர் முறையிட்டனர். 1993இல் வெளியான வீட்டுப் பதிப்பில் அது மாற்றப்பட்டது. நிதானமான முறையீட்டுக்குப் பயன் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம். எனினும் பெயர் மாறவில்லை.

சென்னையைச் சேர்ந்த பெண்டாஃபோர் நிறுவனம் தயாரித்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த சிந்துபாத் கணினிப்படம் நம் மண்ணோடு தொடர்புடையது. நடிகர்களின் உடலசைவைக் கருவிகளால் பதிந்து கணினி உருவங்களுக்கு ஊட்டும் முறையில் அமைந்த முதல் முழுநீளப் படம் எனத் திரைவரலாற்றில் அது இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று உலக முன்னோடியாக நின்றது பெருமைக்குரியது. அக்கதையில் ஒரு சூனியக்காரன் அரசனோடு உருமாறிக்கொள்கிறான். அரசன் மகள் சிந்துபாதைத் துணைக்கொண்டு கடல் கடக்கிறாள். அந்தச் சூனியக்காரனுக்கு வைத்த பெயர் பரக்கா. நாம் உணவிலும் உழைப்பிலும் பிள்ளைகளிலும் வேண்டிக் கேட்கும் பரக்கத்!

இவ்விடத்தில் இப்னு பதூதாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1343இல் மாலத்தீவை அடைந்து அங்கே காழியாகப் பணியாற்றிய அவர், அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்ற வரலாறாகக் கேட்டதை எழுதுகிறார். மாதந்தோறும் கடலிலிருந்து ஓர் இஃப்ரீத், விளக்குகள் நிறைந்த கப்பலின் தோற்றத்தில் வருமாம். அதற்கு ஒரு கன்னிப் பெண்ணைக் கரையிலுள்ள கோயிலில் பலியாக விடுவராம். ஒரு கிழவியின் ஒரே மகளுக்கு முறை வந்தபோது, அங்கு வந்திருந்த ஒரு மக்ரிபி, பெண்ணுக்குப் பதில் தாமே சென்று விடியும்வரை திருக்குர்ஆனை ஓதிக்கொண்டிருந்தார். இஃப்ரீத் கடலுக்குள் மறைந்தது. அவர் பெயர் அபுல் பரக்காத். அப்பெயரை வேறு விதமாகப் படித்து, அவர் தப்ரீஸைச் சேர்ந்தவர் என்போரும் உளர். ஊர் எதுவாயினும் கதையின் உட்கிடை மாறவில்லை. மாலத்தீவு மன்னர் இஸ்லாத்தை ஏற்றது கி.பி. 1153 என்பது வழிவழிச் செய்தி.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாலத்தீவுக் கதையில் உருமாறி வரும் கடற்பூதத்திடமிருந்து பெண்ணைக் காப்பவர் ஒரு மக்ரிபி; அவர் பெயரில் பரக்கத் இருக்கிறது. ஐரோப்பா சென்ற அலாவுதீன் கதையில் சூனியக்காரனே மக்ரிபி. சென்னையில் உருவான படத்தில் சூனியக்காரன் பெயரே பரக்கா. இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து ஸரந்தீப் சென்று, அங்கிருந்து புறப்பட்டுக் கப்பல் சேதமுற்று ஒதுங்கியது மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையில். இக்கதையைச் சுமந்தவரின் கால்கள் நம் மணலில் பதிந்துள்ளன; அவரது நூலோ நம் பிள்ளைகளின் கைகளில் இல்லை.

இனிக் கன்னித்தீவு. 'தினத்தந்தி' நாளிதழில் 1960இல் தொடங்கி அறுபதாண்டுகளைக் கடந்த இப்படக்கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். தேநீர்க் கடைப் பலகையில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பலருக்கு அதுவே அரிச்சுவடி. மூசா என்னும் மந்திரவாதி, லைலா என்னும் இளவரசியைக் கைக்குள் அடங்கும் சிற்றுருவாக்கிவிடுகிறான். அவளுக்குப் பழைய உருவை மீட்டுத் தரச் சிந்துபாத் கடலெல்லாம் அலைகிறான். நாயகன் பெயரும் நாயகி பெயரும் அரபுலகப் பெயர்களே என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். தீய எண்ணத்தோடு மந்திரவாதிக்கு இப்பெயர் இடப்பட்டது என நாம் கருதவில்லை. அரபுச் சாயலுக்காக ஒரு பெயர் தேவைப்பட்டது. அது கைக்கு அகப்பட்டது. ஆனால் மூசா (அலை) யார்? சூனியக்காரர்கள் எறிந்த கயிறுகள் ஊர்வதுபோல் தோன்றிய அந்நாளில், இறையாணையால் அவரது கைத்தடி பாம்பாகி அவர்களின் பொய்யை விழுங்கியது. சூனியத்தை வென்ற நபியின் பெயர் சூனியக்காரனுக்கு ஆயிற்று!

ஜாஃபர், பரக்கா, மூசா என்னும் மூன்று பெயர்களும் தற்செயலாகவே வந்திருக்கலாம். ஆயினும் மூன்றும் ஒரே திசையில் உருமாறியிருக்கின்றன. திரையில் மீன் பெண்ணாவதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் பலர். இந்த உருமாற்றத்தைக் கவனித்தோர் சிலரே. குழந்தை மீன் பெண்ணாகாது என்பதை விரைவில் தானே அறிந்துகொள்ளும். தன் பெயர் தீயவனுக்குரியது என்னும் எண்ணம் மனத்தில் தங்கினால், அதை யார் வந்து களைவார்?

நாம் செய்யக்கூடியது

தடை ஒரு விடையாகாது என்பது நம் கருத்து. சன் குழுமத்தின் சுட்டி டி.வி. 2007இல் தொடங்கிய பின் உலகக் கார்ட்டூன்கள் தமிழ் பேசி வீட்டுக்குள் வந்தன. கைப்பேசியின் வருகைக்குப் பின் வாசல் என ஒன்றே இல்லாமற் போயிற்று. அல்ஜாஹிழ் மாலுமிகளின் வாயை அடைக்கவில்லை. அவர்கள் சொன்னதை எழுதிவைத்து எடைபோட்டார். அதுவே நம் மரபு.

தமிழ் முஸ்லிம்களுக்குக் கதை சொல்லும் வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிரம் மசலா, வினாவும் விடையுமாகப் படைப்பின் வியப்புகளைப் பேசுகிறது. கிஸ்ஸா என்னும் வகையே கதைக்காக எழுந்தது. நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம், ஓட்டை விழுந்த கப்பலைத் தொலைவிலிருந்தே கண்ணாடியை எறிந்து காத்ததாக மீனவரும் வணிகரும் சமய வேறுபாடின்றிச் சொல்லி வருகின்றனர். இவற்றை வரலாறாக ஏற்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் நம் கடற்கரையின் கதைச்செல்வம் எவ்வளவு பெரிது என்பதில் ஐயமில்லை.

பசிபிக் தீவுகளின் மாவி கதையை 2016இல் 'மோவானா' எனப் படமாக்கியபோது, அத்தீவுகளின் அறிஞர்களையும் கலைஞர்களையும் கலந்தே டிஸ்னி பணியாற்றியது. அம்மக்கள் தம் கதைகளை அறிந்திருந்ததால்தான் கேட்கவும் திருத்தவும் அவர்களால் முடிந்தது. நம்மை யாரேனும் கேட்க வந்தால் சொல்ல நமக்குத் தெரியுமா? கோடை விடுமுறை மத்ரஸா வகுப்புகளில் வாரம் ஒரு கிஸ்ஸா; கடல் அப்துல்லாவையும் அபுல் பரக்காத்தையும் எளிய தமிழில் கூறும் சிறு படநூல்கள்; கணினி வரைகலை பயிலும் நம் இளைஞர்களுக்கு இம்மூலங்களை அறிமுகப்படுத்தல். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

அன்று காடாம்புலியூரில் அச்சிறுவனுக்கு நாம் ஒரு கதை சொன்னோம். அவன் பெயர் கொண்ட நபி, தம்மினும் அறிந்த ஒருவரைத் தேடி, இரு கடல்கள் கூடும் இடத்திற்குப் பணியாளோடு நடந்தார். உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் கடலுக்குள் வழி கண்டு நழுவிப் போயிற்று. அம்மீன் போன இடமே தேடி வந்த இடம் என உணர்ந்து அவர் வந்த வழியே திரும்பினார். கடலும் மீனும் வியப்பும் எல்லாம் இருக்கின்றன. அங்கே மூசா மந்திரவாதியல்லர், கற்க வந்த மாணவர்.

சிறுவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அந்த மீன் எந்தப் பக்கமா போச்சு?" நன்னா நாளிதழை மடித்து வைத்தார். "நாப்பது வருஷமா தினம் படிக்கிறேன். இந்தப் பேரு எனக்கு உறுத்தவே இல்லையே" என்றார். பிறகு அவரே, மீன் எந்தப் பக்கம் போயிற்று என்பதைப் பேரனுக்குச் சொல்லத் தொடங்கினார்.